ஜெர்மன் பெயர்ச்சொற்களும் பால் வழக்கும்

லைப்ஸிக் மிஷன் சங்கத்தின் தலைவராய் விளங்கிய கார்ல் கிரௌல் என்பார் திருக்குறளை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து 1856-ஆம் ஆண்டில் லைப்ஸிக் நகரத்தில் வெளியிட்டனர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணாக்கராகிய யாம் அம்மொழியைக் கற்கப் புகுந்தமைக்கு அந்நூலே காரணம். மேலைநாட்டார் ஒருவர் நம் குறளைப் பற்றி யாது எண்ணினார் என்பதை அவர்தம் வாய்மொழியிலேயே அறிதல் வேண்டும் என்னும் அவா எம்மை உந்திற்று. அவா பெரிது, ஆயின் நூலின் தலைப்பேட்டையே எம்மாற் கடக்க இயலவில்லை. ‘டேர் குறள் டெஸ் திருவள்ளுவர்’ என்று அதில் அச்சிடப்பெற்றிருந்தது. குறளும் திருவள்ளுவரும் நம்மவை. அவற்றிற்கு உரை வேண்டா. எஞ்சி நின்றவை இரண்டு சிறு சொற்களே. அகராதியில் ‘டெஸ்’ என்பதைத் தேடினோம். ‘டேர்’ என்பதைக் காண்க என்றிருந்தது. ‘டேர்’ என்பதைத் தேடினோம். அங்கே ஒரு பக்கம் முழுவதும் விளக்கம் இருந்தது. படித்து முடித்தபின் முன்னிருந்த தெளிவும் போயிற்று!

அவ்விரு சொற்களும் யாவை, அவற்றைக் கற்க யாம் பட்ட பாடு எத்தகையது, பட்டபின் யாம் கண்டது யாது என்பவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். ஜெர்மன் ஒலிகளைத் தமிழெழுத்தில் முற்றும் அமைத்தல் அரிதாகலின், செவிக்கு ஏறக்குறைய ஒத்தவாறே அச்சொற்களை வரைந்துள்ளோம். அம்மொழி வல்லோர் பொறுத்தருள்க.

ஆங்கிலத்தில் பெயர்க்குமுன் ‘தி’ என்றொரு சொல் நிற்பதை யாவரும் அறிவர். ஆர்ட்டிக்கிள் எனப்படும் அதனை இக்கட்டுரையில் முன்னடை என்று வழங்குவோம். ஆணாயினும் பெண்ணாயினும் கல்லாயினும் ஆங்கில முன்னடை ஒன்றே. ஜெர்மன் மொழியிலோ ஒருமைக்கண் அது மூன்றாய்ப் பிரிகின்றது. ஆண்பாற் பெயர்க்கு முன் ‘டேர்’. பெண்பாற் பெயர்க்கு முன் ‘டீ’ (இது நாம் பருகும் பொருளன்று). வடநூலார் நபுஞ்சகம் என்று கூறும் பாலுக்கு முன் ‘டஸ்’. இவ்வளவே ஆயின் இடரில்லை. இடர் யாதெனின், உயிருள்ளனவும் இல்லனவுமாகிய பொருள் யாவும் இம்மூன்றனுள் ஒன்றில் அடைபட்டே தீரவேண்டும் என்பதாம். மேலைநாட்டார் உண்ணும் மேசையை நோக்குக. கரண்டி ஆண்: டேர் லெஃபெல். முள் பெண்: டீ காபெல். கத்தி இரண்டுமன்று: டஸ் மெஸ்ஸர். ஒரே தட்டின் அருகே கிடக்கும் மூன்று கருவிகளுக்கு மூன்று பால் ஏன் என்று வினவினால், கற்ற ஜெர்மானியரும் புன்முறுவல் செய்வரேயன்றி விடை கூறார். கையால் உண்ணும் எமக்கு அம்மூன்றும் ஒரு நிகரே.

தொடக்கத்தில் யாம் இம்முன்னடைகளை ஒரு பொருட்டாக மதித்திலேம். பெயர் முதன்மை, முன்னடை அணிகலன் என்பது எம் கருத்து. மணியை எடுத்துக்கொண்டு உமியை விடுவார்போல, வெறும் பெயர்களை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஏறக்குறைய முந்நூறு சொற்களை உருவிட்டு முடித்தோம். முடித்தோம் என்று பெருமையும் கொண்டோம். பின்னர் ஆசிரியர் ஒரு சிறு தேர்வு வைத்தனர். இருபது பெயர்கள், ஒவ்வொன்றற்கும் உரிய முன்னடையை மட்டும் எழுதுக என்பது வினா. இருபதனுள் ஐந்து சரியாயின. மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில், கண்ணை மூடிக்கொண்டு எழுதியவனுக்கும் ஆறோ ஏழோ வாய்க்கும் அன்றோ? எம் கல்வி கல்லாமையினும் கீழ்ப்பட்டது என்பதை அன்று கணக்கு முறையாலேயே உணர்ந்தோம். விடைத்தாளைத் திருப்பித் தந்த ஆசிரியர் சினந்திலர்; ‘உம்மிடம் முந்நூறு சொற்கள் இல்லை; முந்நூறு அரைச்சொற்களே உள’ என்று மட்டும் கூறினர். சினந்திருப்பினும் அவ்வளவு நொந்திரேம்.

அன்று மாலை விடுதி அறையிலிருந்து அம்மொழியை வைது தீர்த்தோம். அவ்வகையில் எமக்கு முன்னோரும் உளர். அமெரிக்க ஆசிரியர் மார்க் ட்வேய்ன் 1880-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலின் பின்னிணைப்பில் இம்மொழியின் கொடுமையைக் கூறி உலகைச் சிரிக்கவைத்தனர். கிழங்கிற்குப் பெண்பால் நல்கிய மொழி, இளமகளிர்க்கு எப்பாலும் நல்காது விடுத்தது என்பது அவர் செய்த ஏளனங்களுள் ஒன்று. அது மெய்யே. சிறுமியைக் குறிக்கும் மேட்சென் என்னும் சொல் நபுஞ்சகம். மணமாகா மகளிரைக் குறித்துப் பண்டு பெருகவும், இன்று அருகியும் வழங்கும் ஃப்ராய்லைன் என்பதும் நபுஞ்சகமே. பெண் என்னும் பொருட்டாகிய வைப் என்னும் பழஞ்சொல்லும் அதுவே. ஆண்மகன் ஒருவனைக் குறித்தவிடத்தும் பெர்ஸோன் என்னும் சொல் பெண்பாலாகவே நிற்கும். ஞாயிறு பெண், திங்கள் ஆண். திங்களை ஆணாக்கியது நம் சந்திரனோடு ஒக்கும். ஞாயிற்றைப் பெண்ணாக்கியதே எமக்கு வியப்பு. பத்தொன்பதாம் சங்கீதத்தில் ஞாயிறு மணவறையினின்று புறப்படும் மணவாளனுக்கு ஒப்பாகக் கூறப்பட்டமை நம்மில் பலர் அறிந்ததே. 1534-இல் முழு வேதாகமத்தையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட லூத்தர் அவ்விடத்தில் என் செய்வார்? அவர் மொழியில் ஞாயிறு பெண்பாலாகலின், பெண்பாற் சொல்லே மணவாளனைப்போற் புறப்படுகின்றது. இன்னுமொன்று: இமயத்திற் பிறந்து நாடெல்லாம் தாயென்று போற்றும் கங்கை, ஜெர்மன் மொழியிற் புகுந்தவுடன் டேர் கங்கெஸ் என ஆணாகிவிட்டாள்! டானூபும் எல்பேயும் பெண்கள், ரைன் ஆண்.

இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த எம்மை, உடனிருந்த நண்பர் ஒருவர் தடுத்தனர். அவர் எமது வகுப்பினரே. ‘குழந்தை அழுதான் என்பீரோ, அழுதது என்பீரோ?’ என்று வினவினர். அழுதது என்றோம். ‘குழந்தை மக்களுள் ஒன்றன்றோ? மக்கட்சுட்டு உயர்திணையன்றோ?’ என்றனர். யாம் வாய் அடைத்திருந்தோம். ஜெர்மன் மொழியிலும் குழந்தைக்குரிய சொல் டஸ் கிண்ட் என நபுஞ்சகமே. மேலும் அவர் தொல்காப்பியக் கிளவியாக்கத்தை நினைவூட்டினர். காலம், உலகம், உயிர், உடம்பு, தெய்வம் முதலியவற்றோடு ஞாயிறு, திங்கள் என்பனவும் உயர்திணைப் பொருளாயினும் பால்பிரிந்து இசையா என்று ஆசிரியர் விதந்து ஓதியிருத்தலை யாம் பாடம் கேட்டு ஓராண்டும் ஆகவில்லை. ஞாயிறு எழுந்தது என்கிறோம், எழுந்தான் என்கிலேம். கதிரவன் என்று விகுதி மாற்றினால் எழுந்தான் ஆகின்றது. பொருள் ஒன்றே, சொல் மாறப் பாலும் மாறியது. ஆகவே நம் வீட்டிலும் பொருளும் சொல்லும் முற்றும் ஒருவழி நடப்பனவல்ல.

எனினும் இரண்டும் ஒன்று என்று கூறுதலும் பொருந்தாது. தமிழில் பால் பொருளைப் பற்றியது. பகுத்தறிவுடையது எது, அல்லது எது என்று அறிந்தவன் திணையை அறிவான். அதனுள் ஆண் பெண் பலர் என்று அறிந்தவன் பாலை அறிவான். புதிதாய் ஒரு பொருள் கடல் கடந்து வரினும் அதன் பால் யாதென்று அகராதியை நாடவேண்டா. மேற்கூறிய விலக்குகளும் ஆசிரியன்மாரால் எண்ணி ஓதத்தக்க அளவினவே. ஜெர்மன் மொழியிற் பால் சொல்லைப் பற்றியது. வடமொழியும் அத்தகையதே. மனைவியைக் குறிக்கும் பாரியை, தாரம், களத்திரம் என்னும் மூன்றும் நம் வழக்கில் வந்து கலந்த சொற்கள். வடமொழியில் இவற்றுள் முதலது பெண்பால், இரண்டாவது ஆண்பால், அதுவும் பன்மை, மூன்றாவது நபுஞ்சகம். குறிக்கப்பட்டாள் ஒருத்தியே! ஜெர்மனும் வடமொழியும் ஒரு பெருங்குடும்பத்தின் கிளைகளாகலின் இவ்வியல்பு இரண்டற்கும் பரம்பரைச் சொத்து. ஆங்கிலமும் அக்குடும்பத்ததே, பழைய ஆங்கிலத்தில் முப்பாலும் இருந்தன, பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் அவை பெரும்பாலும் தேய்ந்து ஒழிந்தன.

இனி, எம் கண்ணைத் திறந்த செய்திக்கு வருவோம். முன்னடை என்பது ஜெர்மன் மொழியில் யாது தொழில் செய்கின்றது? அஃது அணிகலனன்று என்பதை ஒரு சிறு வாக்கியம் எமக்குக் காட்டிற்று. ‘டேர் மன் கிப்ட் டேர் ஃப்ராவ் டஸ் பூஹ்.’ மன் என்பது கணவன், ஃப்ராவ் மனைவி, பூஹ் புத்தகம், கிப்ட் கொடுக்கின்றான் என்பது. தமிழிற் கூறின், கணவன் மனைவிக்குப் புத்தகத்தைக் கொடுக்கின்றான். தமிழில் ‘கு’ என்பதும் ‘ஐ’ என்பதும் பெயரின் இறுதியில் ஒட்டி, கொள்பவர் யார், கொடுக்கப்படும் பொருள் எது என்று விளக்கின. ஜெர்மன் வாக்கியத்தில் அவ்வுருபுகள் எங்கே? மன், ஃப்ராவ், பூஹ் என்னும் மூன்றும் உருபேலாது வாளா நிற்கின்றன. ஆகவே உருபு முன்னேயிருத்தல் வேண்டும். அதுவே முன்னடை! நாம் பெயர்க்குப் பின் வைக்கும் வேற்றுமை உருபை அவர் முன்னே நிறுத்திவைத்தனர் என்று கொள்க. பாதி மயக்கம் தீரும்.

அம்மொழிக்கு வேற்றுமை நான்கே: எழுவாய், நம் இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்பவற்றிற்கு ஏறக்குறைய ஒத்தன. ஆண்பால் முன்னடை இந்நான்கிலும் முறையே டேர், டேன், டேம், டெஸ் என்றாகும். பெண்பால் டீ, டீ, டேர், டேர். நபுஞ்சகம் டஸ், டஸ், டேம், டெஸ். பன்மைக்கு டீ, டீ, டேன், டேர். பன்மையில் முப்பாலும் ஒன்றாகிவிடுகின்றன என்பதைக் குறிக்க. வந்தார் என்னும் நம் பலர்பாற் சொல் ஆடவரையும் மகளிரையும் பிரித்துக் காட்டாமை போன்றதே இதுவும். இடம் பதினாறு, உருவமோ ஆறே. ஆகவே ஓருருவம் பல இடத்தில் ஊழியம் செய்ய வேண்டியதாகின்றது. மேற்காட்டிய வாக்கியத்தில் ‘டேர்’ இருமுறை வந்தது. முதலது ஆண்பால் எழுவாய். இரண்டாவது பெண்பால் நான்காம் வேற்றுமை. எதனால் அறிந்தோம்? மன் ஆண்பால் என்றும் ஃப்ராவ் பெண்பால் என்றும் முன்னரே அறிந்தமையால். பால் அறியாதவனுக்கு அவ்விரு ‘டேரும்’ ஒன்றே; அவனுக்குக் கொடுப்பவர் யார், கொள்பவர் யார் என்பது விளங்காது. வேற்றுமையாகிய பூட்டிற்குப் பாலே திறவுகோல். முந்நூறு பூட்டுகளை அரிதின் ஈட்டி, திறவுகோல்களை ஆற்றில் எறிந்த அறிவாளிகள் யாம்.

இவ்வறியாமையால் விளைந்த பிழை ஒன்றைக் கூறாதிருக்க முடியவில்லை. ஷ்டட் என்பது நகரம். பாட நூலில் ‘இன் டேர் ஷ்டட்’ என்று பன்முறை கண்டு, நகரம் ஆண்பால் என்று எழுதிக்கொண்டோம். நகரம் பெண்பால்; அங்கே வந்த ‘டேர்’ பெண்பாலின் நான்காம் வேற்றுமை உருவம். ‘இன் டேர் ஷ்டட்’ எனின் நகரில் இருத்தல். ‘இன் டீ ஷ்டட்’ எனின் நகருக்குள் செல்லுதல். இருத்தலுக்கும் செல்லுதலுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அம்முன்னடையிலேயே தங்கியிருக்கின்றது.

இன்னும், உருபு தெளிவாயிருப்பின் சொற்கிடக்கை முறை நெகிழும் என்பது தமிழ் மாணாக்கர்க்குப் புதிதன்று. நாய் மனிதனைக் கடித்தது. மனிதனை நாய் கடித்தது. இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் நாயையும் மனிதனையும் இடம் மாற்றினால் கடித்தவன் மனிதனாகிவிடுவான். ஜெர்மன் மொழியில் ‘டேர் ஹுண்ட்’ நாய். ‘டேன் மன்’ மனிதனை. ‘டேன் மன்’ முன்னே வரினும் கடியுண்டவன் அவனே. ஆனால் ஓர் எச்சரிக்கை: இரண்டாம் வேற்றுமையில் உருவம் மாறுவது ஆண்பால் ஒருமைக்கு மட்டுமே. பூனையும் பெண்ணும் எதிர்ப்பட்ட வாக்கியமாயின், இரண்டும் பெண்பாலாகலின் ‘டீ’ என்பதே இருபுறமும் நிற்க, ஆங்குச் சொற்கிடக்கையையே நம்பவேண்டும்.

இத்துணையும் கேட்ட பின்னரும், கரண்டிக்கும் கதவிற்கும் பால் வகுத்தமையாற் போந்த பயன் யாது என்று வினவுவார் உளர். யாமும் வினவினோம். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினர்: விளக்கு மேசையின்மேல் இருக்கின்றது, அது பழையது. ‘பழையது எது?’ என்றனர். விளக்கு என்றோம். ‘மேசையாக இருத்தல் கூடாதோ?’ என்றனர். இருக்கலாம், தமிழில் இரண்டும் ‘அது’வே. ஜெர்மன் மொழியில் லம்பெ என்னும் விளக்கு பெண்பால், டிஷ் என்னும் மேசை ஆண்பால். அடுத்த வாக்கியத்தை ‘ஸீ’ என்னும் பெண்பாற் சுட்டால் தொடங்கினால் பழையது விளக்கு. ‘ஏர்’ என்னும் ஆண்பாற் சுட்டால் தொடங்கினால் பழையது மேசை. ஐயத்திற்கு இடமேயில்லை. காரணமற்றது என்று யாம் இகழ்ந்த அப்பகுப்பு, நம் செம்மையான பகுப்பினாற் செய்யவியலாத ஒரு வேலையை எளிதிற் செய்து முடித்தது. இரு பொருளும் ஒரே பாலாய் அமைந்துவிடின் இவ்வுதவி கிட்டாது என்பதும் உண்மையே. ஆயினும் நீண்ட வாக்கியங்களைப் பின்னும் இயல்புடைய அம்மொழியில் எச்சொல் எதனைத் தழுவியது என்று காட்டும் நூலிழை பாலே என்பது எமக்கு அன்று விளங்கிற்று. வைதமைக்கு நாணினோம்.

பாலை அறிதற்கு வழியே இல்லையோ எனின், உண்டு. சொல்லின் இறுதி பலவிடத்து உதவும். ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்னும் விகுதியால் ஆகிய பெயர்கள் பெண்பால். ட்ஸைட்டுங் (செய்தித்தாள்), ஃப்ரைஹைட் (விடுதலை), ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட் (நட்பு) என்பன காண்க. ‘லிங்’, ‘இஸ்முஸ்’ என்று முடிவன ஆண்பால். சிறுமை குறிக்கும் ‘சென்’, ‘லைன்’ என்னும் விகுதிகள் எச்சொல்லோடு ஒட்டினும் அதனை நபுஞ்சகமாக்கிவிடும். மார்க் ட்வேய்ன் எள்ளிய சிறுமியின் கதை இதனால் தெளிவாகின்றது. பணிப்பெண்ணைக் குறித்த மக்ட் என்னும் பெண்பாற் சொல்லோடு ‘சென்’ ஒட்டியதே மேட்சென். பால் இழந்தவள் சிறுமியல்லள், விகுதி சொல்லைத் தன்வழி இழுத்தது, அவ்வளவே. கிழமைகளும் திங்களும் பருவங்களும் ஆண்பால். வினையடியிற் பிறந்த தொழிற்பெயர், உண்டல் வாழ்தல் போல்வன, நபுஞ்சகம். ‘எ’ என்று முடிவன பெரும்பாலும் பெண்பால்; ஆயின் பாலாடைக்கட்டியைக் குறிக்கும் கேஸெ ஆணாய் நின்று விதியை நகைக்கின்றது. தொகைச்சொல்லாயின் இறுதிச் சொல்லே ஆளும்: ஹவுஸ் என்னும் வீடு நபுஞ்சகம், ட்யூர் என்னும் கதவு பெண்பால், வீட்டுக்கதவு பெண்பால்.

பால் மாறப் பொருள் மாறுவனவும் உள. ‘டேர் ஸே’ ஏரி. ‘டீ ஸே’ கடல். ‘டேர் லைட்டர்’ தலைவன். ‘டீ லைட்டர்’ ஏணி. ‘டேர் டோர்’ மூடன். ‘டஸ் டோர்’ வாயில். ‘டஸ் ஷ்டாயர்’ கப்பலின் சுக்கான். ‘டீ ஷ்டாயர்’ அரசிறை. வாயிலுக்கும் மூடனுக்கும் இடையே ஒரு முன்னடையே காவல் நிற்கின்றது. அதனை உமி என்று எறிந்தவனை இவற்றுள் எதனால் அழைப்பது என்பதை வாசகரே தெரிந்துகொள்க.

இப்பகுப்பு ஆதியில் எவ்வாறு தோன்றியது என்பதைப் பற்றி அறிஞர் வழக்கிட்டுளர். சிறுவர் கதைகளால் உலகறிந்த கிரிம் சகோதரருள் மூத்தவராகிய யாக்கோப் கிரிம், 1831-இல் வெளிவந்த தம் ஜெர்மன் இலக்கணத்தின் மூன்றாம் பகுதியில், பண்டை மக்கள் வலியதும் பெரியதும் ஆணென்றும், மெல்லியதும் சிறியதும் பெண்ணென்றும் கற்பனையாற் கண்டு எல்லாப் பொருட்கும் பால் விரித்தனர் என்னும் கருத்தை வளர்த்தனர். அழகிய கருத்தே. அந்நூற்றாண்டின் இறுதியில் புரூக்மன் என்னும் மொழிநூலார் அதனை மறுத்தனர்: பால் என்பது சொல்லிறுதிகளின் ஒப்புமையாற் படர்ந்ததேயன்றிக் கற்பனையால் எழுந்ததன்று என்பது அவர் துணிபு. இருபதாம் நூற்றாண்டில் ஹிட்டைட் என்னும் பழமொழியின் சாசனங்கள் படித்தறியப்பட்டன. அக்குடும்பத்தின் மிகப் பழைய மொழிகளுள் ஒன்றாகிய அதில் பெண்பால் தனியே இல்லை. இருப்பவை உயிருடைப் பொதுப்பாலும் நபுஞ்சகமும் ஆகிய இரண்டே. ஆகவே பெண்பால் பின்னர்க் கிளைத்தது என்பது இன்று பலர் கொள்ளும் முடிபு. 1980-களில் கெப்கெ, சூபின் என்னும் இருவர் ஓரசைச் சொற்களையும் ஆராய்ந்து, வரிசையற்றன என்று கருதப்பட்டவற்றுள்ளும் ஒலி பற்றிய ஒழுங்கு மறைந்துள்ளது என்று காட்டினர். ‘க்ன்’ என்று தொடங்கும் ஓரசைப் பெயர்கள், பொத்தானைக் குறிக்கும் க்னொப்ஃப் போல்வன, ஏறக்குறைய யாவும் ஆண்பால். முழங்காலைக் குறிக்கும் க்னீ மட்டும் நபுஞ்சகம். ஜெர்மானியக் குழந்தைகள் பள்ளி புகுமுன்னரே பாலைப் பெரிதும் பிழையாது வழங்குதற்கு இத்தகைய ஒழுங்குகளைச் செவி தானே உணர்தலும் காரணமாகலாம். கிரிம்மின் கருத்து எம் உள்ளத்திற்கு இனிது. எனினும் கரண்டியும் முள்ளும் கத்தியும் அதற்குச் சான்று பகரவில்லை.

இனி யாம் மீண்டும் கற்ற வரலாறு சிறிதே. நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று மையால் எழுதிப் பார்த்தோம்; குறிப்பேடு அழகுற்றது, நினைவு வளரவில்லை. நண்பர் வேறொரு வழி கண்டனர்: ஆண்பாற் பொருள்கள் தீப்பற்றி எரிவனவாகவும், பெண்பாற் பொருள்கள் நீரில் மிதப்பனவாகவும், நபுஞ்சகம் பனியில் உறைந்தனவாகவும் மனக்கண்ணிற் காண்பது. பத்துச் சொல்வரை அது பலித்தது. நாற்பதாவது சொல்லில் அவர் மனவீட்டின் மேசை நாற்காலி யாவும் எரிந்து, விளக்கும் கதவும் வெள்ளத்திற் போய், எது எங்கே என்பது அவர்க்கே தெரியாதாயிற்று. முடிவில் எமக்கு உதவியது திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு ஓதிய நம் முன்னோர் முறையே. டேர்டிஷ், டீலம்பெ, டஸ்பூஹ் என்று முன்னடையையும் பெயரையும் ஒரு சொல்லாகச் சேர்த்து, வாய்விட்டு, வைகறையில் ஓதினோம். ஆறு கிழமைகளில் முந்நூறும் முழுச்சொற்களாயின. இடையில் அடுத்த அறையினர் எம்மைப் பற்றி விடுதித் தலைவரிடம் முறையிட்டதும் உண்டு.

மீண்டும் கிரௌலின் நூலைத் திறந்தோம். ‘டேர் குறள்’: ஆண்பால், எழுவாய். ‘டெஸ் திருவள்ளுவர்’: ஆறாம் வேற்றுமை, திருவள்ளுவரது குறள். தமிழில் ஒன்றன்பாலாகிய குறளுக்கு அவர் ஆண்பால் அளித்துள்ளார் என்பது அப்பொழுதே எமக்குத் தெரிந்தது. அயன்மொழிச் சொல் எதுவாயினும் ஜெர்மன் வாயிலைக் கடக்கும்பொழுது ஒரு பால் பெற்றே உட்புகவேண்டும். அவ்வாறு புகுந்த நம் நாட்டுச் சொற்கள் வேறும் உளவோ என்று அகராதியில் தேடத் தொடங்கினோம். கட்டுமரம் கட்டமரான் ஆகி ஆண்பாலாயிற்று. மாங்காய் போர்த்துக்கேசியர் வாயிலாக மாங்கோ ஆகிப் பெண்பாலாயிற்று. கறி நபுஞ்சகம், சிலர் வாயில் அஃது ஆண்பாலும் ஆகும். வெண்பாவிற்கு யாது பால் கொடுப்பர் என்று நண்பர் வினவினர். எம் அகராதியில் அச்சொல் இல்லை. டேர் என்கிறார் அவர். ‘ஆ’ என்று முடிதலால் டீ என்பது எம் கட்சி. கிரௌல் தம் முன்னுரையில் எங்கேனும் வெண்பாவைக் குறித்திருப்பாராயின் இவ்வழக்குத் தீரும். யாம் இப்பொழுது அதன் நான்காம் பக்கத்தில் இருக்கின்றோம்.